கல் தூளில் தட்டைப்பயறு: மூன்று சுற்றுகளின் குறிப்பு

பூமிக்கு வெளியே மனிதர் குடியேறுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் ராக்கெட்டோடு நின்றுவிடுகிறது. அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் எதில் விதைப்பார்கள் என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. அதனால் மொட்டை மாடியில் ஆறு தொட்டிகளில் கிரஷர் தூளை நிரப்பித் தட்டைப்பயறு விதைத்தேன். 2025 ஜனவரியில் இஸ்ரோ விண்வெளியில் ஒரு சிறு பெட்டிக்குள் முளைக்க வைத்ததும் இதே பயறுதான்.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடியாக்கித்தான் சந்திரயான் 2-இன் சோதனைகளுக்கு இஸ்ரோ பயன்படுத்தியது. என்னிடம் இருப்பது வீடு கட்டும் இடத்தில் கிடைத்த சாதாரணக் கல் தூள். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் கண்டறிந்த பெர்குளோரேட் நஞ்சும் இதில் இல்லை. ஆகவே இந்தச் சோதனை ஒன்றைத்தான் காட்ட முடியும்: மக்கிய இலைதழை சிறிதும் இல்லாத கல் பொடியில் வேர் என்ன பாடுபடும் என்பதை.

முதல் சுற்றில் நான்காம் நாளே எல்லா விதைகளும் முளைத்தன. அதை வெற்றி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் சில நாள்களுக்கான உணவு விதையிலேயே இருக்கிறது. 2022-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த நிலா மண்ணில் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியை வளர்த்தபோதும் முளைப்பில் குறை இருக்கவில்லை; அதன் பிறகே வளர்ச்சி குன்றியது. என் தொட்டிகளில் இரண்டாம் வாரம் இலைகள் வெளிறின. ஊற்றிய நீர் மேலே தேங்கி நின்றது; காய்ந்ததும் தூள் சிமெண்டுத் தரைபோல் இறுகி வெடித்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் இரண்டு விரற்கடைக்குக் கீழே இறங்காமல், பக்கவாட்டில் சுருண்டு, தொட்டிச் சுவரை ஒட்டிய இடுக்கில் மட்டும் ஓடியிருந்தது. உரம் இல்லாததைவிடக் காற்று இல்லாததே அந்தச் செடியைக் கொன்றது என்று கருதுகிறேன்.

இரண்டாம் சுற்றில், செத்த செடிகளை நறுக்கி அதே தூளில் புதைத்து, நான்கில் ஒரு பங்கு மண்புழு உரமும் கொஞ்சம் தென்னை நார்க்கழிவும் கலந்தேன். செடிகள் பூத்தன, காய்கள் சிறுத்திருந்தன.

மூன்றாம் சுற்றில் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, கவனித்தேன். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த மெல்லிய காற்றிலும் நைட்ரஜன் 3 விழுக்காட்டை எட்டாது. நிலவிலோ காற்றே இல்லை. அங்கே பயறு வகைகளை நம்ப வேண்டுமானால், குடியிருப்புக்குள் நைட்ரஜன் வேண்டும், அதைப் பிடித்துத் தரும் ரைசோபியம் என்னும் வேர் பாக்டீரியாவும் வேண்டும். நம் ஊர் உழவர்கள் செய்வதுபோலவே, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் உயிர் உரத்தைக் குழைத்து விதைகளைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, மூன்று தொட்டிகளில் மட்டும் விதைத்தேன். மற்ற மூன்றிலும் விதை நேர்த்தி செய்யாத விதைகளை இட்டேன். முப்பதாம் நாள் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு செடியைப் பிடுங்கினேன். நேர்த்தி செய்தவற்றின் வேர்களில் மிளகளவு முடிச்சுகள் திரளாக இருந்தன. நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம், முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்த மகிழ்ச்சியில் வீட்டார் அனைவரையும் மாடிக்கு அழைத்துவிட்டேன்.

ஆனால் நேர்த்தி செய்யாத செடிகளிலும் ஆங்காங்கே சில முடிச்சுகள் இருந்தன. மண்புழு உரத்தோடு வந்தனவோ, காற்றில் வந்த தூசியில் இருந்தனவோ, பிரித்தறிய வழியில்லை. இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இங்கே நுண்ணுயிரைத் தடுப்பது கடினம். அங்கே எதுவும் தானாக வந்து சேராது, இலைதழையை மக்கச் செய்யும் பாக்டீரியா உட்பட ஒவ்வொன்றையும் உயிரோடு கொண்டுபோய், அழியாமல் பேண வேண்டும். குடியேற்றத்தின் கணக்கில் எரிபொருளுக்குத் தரும் இடத்தை இதற்கும் தர வேண்டும்.

நான்காம் சுற்றுக்கு உரத்தை இட்லிக் குண்டானில் ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆற வைத்திருக்கிறேன். தொட்டிகளையும் இந்த முறை கொசுவலைக்குப் பதிலாகக் கண்ணாடிப் பெட்டியால் மூடப் போகிறேன். நாளை காலை விதைப்பு.