ராத்திரி மாத்திரை

மே 5

கீமோ முடிந்து அறைக்கு வந்து படுத்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி மாத்திரை எடுத்துகினு வந்தியா?" அடோர்வாஸ்டாடின் 40, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் வகை மாத்திரை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து தவறவிட்டதில்லை. பையில் இருக்கிற மற்றதெல்லாம் புதுசு, இது ஒன்றுதான் பழசு.

மே 6

குளிர்ந்தது எதுவும் கூடாதாம். அக்னி நட்சத்திரத்தில், வேலூரில். பானைத் தண்ணீர் இருந்த சொம்பைத் தொட்டதற்கே விரல் சுரீரென்று இழுத்திருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தின் வேலை. வெந்நீரை ஆறவைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 8

பெங்களூரிலிருந்து அண்ணன் அனுப்பியிருக்கிறான், வரிசையாக. ஸ்டேடின் சாப்பிடும் இரைப்பைப் புற்றுநோயாளிகள் கூடுதல் நாள் வாழ்கிறார்கள் என்று. கடைசியில், "அப்பா ஏற்கெனவே சாப்பிடறார், பாத்தியா?"

படித்தேன். கொலஸ்ட்ராலைக் கல்லீரல் படிப்படியாகத் தயாரிக்கிறது. அதில் ஆரம்பப் படியில் வேலை செய்யும் ஒரு நொதியை இந்த மாத்திரை மறிக்கிறது. ஆனால் அந்த வழியில் உண்டாவது கொலஸ்ட்ரால் மட்டும் இல்லை. செல்லை வளரச் சொல்கிற ராஸ், ரோ மாதிரியான புரதங்கள் சவ்வில் ஒட்டி நின்று வேலை செய்யத் தேவையான பொருள்களும் அதே வழியில்தான் வருகின்றன. அவை குறைந்தால் புற்றுச் செல்லும் திணறும். ஆய்வகத்தில் தட்டில் வளர்த்த செல்கள் செத்தே போயிருக்கின்றன.

அப்பாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாவு நூலே வரலன்னா லுங்கியும் இல்ல, துண்டும் இல்ல. அதான?" அதேதான் அப்பா என்றேன். குடியாத்தத்தில் வாழ்நாளெல்லாம் தறியில் உட்கார்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தட்டுல எவ்ளோ ஊத்துனாங்களாம்?" என்றார்.

நிறைய. மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் சேரும் அளவை விட மிக மிக அதிகம். அதைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மே 9

இந்த வகை மருந்தை முதலில் கண்டுபிடித்தது அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். 1970களின் தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கடைசியில் அரிசியில் பிடித்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து. 2024இல்தான் இறந்தார். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அக்கா ஆம்பூரிலிருந்து பேசியபோது அவளிடமும் சொன்னார், அரிசிப் பூஞ்சை அரிசிப் பூஞ்சை என்று. இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்.

மே 11

அண்ணன் அனுப்பியதில் பெரும்பாலானவை பழைய பதிவேடுகளை வைத்து எழுதியவை. நோய் கண்ட பிறகு யார் ஸ்டேடின் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை, யார் எத்தனை நாள் இருந்தார்கள் என்று பார்ப்பது. எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நோய் தெரிந்து ஆறு மாதம் கழித்து மாத்திரை எழுதி வாங்கியவர், அந்த ஆறு மாதம் உயிரோடு இருந்தால்தானே வாங்கியிருக்க முடியும்? இரண்டாம் மாதமே போனவர் தானாகவே 'சாப்பிடாதவர்' பக்கம் விழுந்துவிடுவார். அப்புறம் மாத்திரை காப்பாற்றியது மாதிரிதான் கணக்கு காட்டும். இன்னொன்று, சாப்பிட முடியாமல் படுத்தவருக்கு டாக்டர் முதலில் நிறுத்துவதே இந்த மாதிரி மாத்திரைகளைத்தான். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இது தெரியும். அதைச் சரிசெய்து கணக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள், அப்போது பலன் சுருங்கிவிடுகிறது.

சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைதான் நம்பத்தக்கது. கொரியாவில் செய்திருக்கிறார்கள். 2014இல் வெளிவந்தது. முற்றிய இரைப்பைப் புற்று, 244 பேர். எல்லோருக்கும் கேப்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள். பாதிப் பேருக்குக் கூடவே சிம்வாஸ்டாடின் 40 என்ற ஸ்டேடின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. நோய் திரும்ப வளரத் தொடங்க ஆன காலம் ஸ்டேடின் பக்கம் 5.2 மாதம், மறு பக்கம் 4.63. வாழ்ந்த காலம் 11.6 மாதம், 11.5 மாதம்.

வித்தியாசம் இல்லை. அவ்வளவுதான்.

மே 12

11.6. 11.5.

மே 13

இரண்டு எண்ணுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்றுதான் தேடிப் போனேன். இப்போது அந்த எண்களே கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன. அது நடு எண், பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருந்தார்கள், மருந்துகளும் இப்போது மாறியிருக்கின்றன. எல்லாம் தெரியும். அண்ணனுக்கு இந்தச் சோதனையை அனுப்பவில்லை.

மே 14

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வேண்டுமாம். மார்க்கெட்டில் கிடைத்தது. காரம் போடாமல் வதக்கிக் கொடுத்தேன். மூன்று வாய்.

மே 16

தொடை வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. விரல் நுனி, உள்ளங்கால் மரத்தால் அது கீமோவினால் என்று சொல்லியிருக்கிறார்கள். தொடையும் தோளும் வலித்தால் ஸ்டேடினாகவும் இருக்கலாம். கீமோ நாளன்றும் அடுத்த இரண்டு நாளும் கொடுக்கிற வாந்தி மாத்திரை, அப்ரெபிடன்ட், அடோர்வாஸ்டாடின் உடம்பில் கரைவதைத் தாமதப்படுத்தக்கூடியது. அப்படியானால் ரத்தத்தில் அளவு கூடும். அதனாலா? வெறும் பலவீனமா? சாப்பாடு இறங்காமல் சதை கரைகிறதா? சிறுநீர் கருத்துப் போகிறதா என்று பார்க்கச் சொன்னேன், சங்கடப்பட்டார். டாக்டருக்குப் போன் செய்ததில், தசை சிதைகிறதா என்று காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார்.

மே 17

சிகே சரியாக இருக்கிறது.

மே 19

டாக்டர் இன்று சாதாரணமாகத்தான் கேட்டார். கொலஸ்ட்ரால் இவ்வளவு குறைந்திருக்கிறதே, எடையும் போயிருக்கிறது, இந்த மாத்திரை இனி அவசியமா, இதய டாக்டரிடம் கேட்டு நிறுத்திவிடலாமா என்று.

நல்ல டாக்டர். முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். நியாயமான கேள்வியும்கூட. ஆனால் ஸ்டேடின் எதற்காக? வரப்போகும் வருடங்களில் வரக்கூடிய மாரடைப்பைத் தடுக்க. அதை இனி அவசியமா என்று கேட்டால் என்ன அர்த்தம்? அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் என்ன விழுந்தது என்று தெரியவில்லை. வரும் வழியில் ஆட்டோவில் ஒன்றும் பேசவில்லை.

மே 20

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்கா, 2015, 381 பேர். ஒரு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைதான் இருப்பார்கள் என்று டாக்டர்கள் கணித்தவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் புற்றுநோயாளிகள். ஒரு குழுவுக்கு ஸ்டேடினை நிறுத்தினார்கள், மற்றக் குழுவுக்குத் தொடர்ந்தார்கள். 60 நாளில் இறந்தவர்கள், நிறுத்திய குழுவில் 23.8 சதவீதம், தொடர்ந்த குழுவில் 20.3 சதவீதம். அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார்கள். நிறுத்தியவர்கள் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு நிறுத்தினால் பெரிய ஆபத்தில்லை என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அப்பாவை அந்த 381 பேர் பக்கம் கொண்டுபோய் நிறுத்த யாருக்கும் நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஸ்கேன் வரவில்லை. ஸ்கேன் வரட்டும்.

மே 21

அண்ணனோடு சண்டை. நிறுத்தவே கூடாது என்கிறான், டோஸைக் கூட்டச் சொல்லிக் கேள் என்கிறான். கொரியாச் சோதனையைச் சொல்லிவிட்டேன். எண்களையும் சொன்னேன். போனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பதினொன்னா?" என்றான். அண்ணே, அது அவங்க கணக்கு, நம்ம அப்பா கணக்கு இல்ல என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.

மே 23

ஒன்பது மணிக்கு மாத்திரையை நீட்டினேன். கையில் வாங்கி வைத்துக்கொண்டு அப்பா கேட்டார்: "இத்த நிறுத்தலாம்னு அந்த டாக்டர் சொன்னாரே, எம்மா, நல்லதுக்கா கெட்டதுக்கா?"

இதய டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"புத்துக்கு இது வேலைக்காவாதுன்னு எனக்குத் தெரியும். நெஞ்சுக்குத்தான குடுத்தாங்க. நெஞ்சு இன்னும் ஓடிகினுதான இருக்குது." விழுங்கிவிட்டார். நான் படித்த அத்தனைக்கும் பிறகு, இதை விடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மே 24

அண்ணன் வந்தான். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான்.

மே 25

நாளை காலை ஸ்கேன் ரிப்போர்ட், அப்புறம் இதய டாக்டர், ரத்தம் சரியாக இருந்தால் கீமோ. கேட்க வேண்டியவை: ஸ்டென்ட் இருப்பவருக்கு நிறுத்தினால் என்ன ஆகும். அப்ரெபிடன்ட் கொடுக்கும் மூன்று நாள் மட்டும் விடலாமா. அதோடு அதிகம் குறுக்கிடாத இன்னொரு ஸ்டேடின், ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றலாமா. தொடை வலி குறையவில்லை என்று சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரால் குறைந்தது மாத்திரையாலா, எடை போனதாலா. அப்புறம், நிறுத்தலாம் என்று சொன்னால், அதை அப்பாவிடம் யார் சொல்வது என்று அண்ணனிடம்