எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

பக்கவாதம் வந்து தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் இருந்த என் பெரியம்மாவுக்கு, கை கால் அசைவு மெல்லத் திரும்பிய வேளையில் காய்ச்சல் ஏறியது. சளியைப் பரிசோதித்த கல்ச்சர் அறிக்கையில் அசினெடோபாக்டர் பௌமானி என்ற கிருமியின் பெயரும், அதன்கீழ் வலுவான ஆன்டிபயாடிக்கான மெரோபெனெம் உட்பட ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் நேராக, பலிக்காது என்பதைக் குறிக்கும் ‘ஆர்’ எழுத்தும் இருந்தன. அதே அறையில் தினமும் நின்ற எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று பாலக்கோட்டிலிருந்து வந்த சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

நலமாக இருப்பவரின் தோலையும், இருமலையும், இரத்த வெள்ளை அணுக்களையும் தாண்டி உள்ளே நுழைய இந்தக் கிருமிக்குப் பெரும்பாலும் வலுவில்லை. வென்டிலேட்டருக்காகத் தொண்டைவழி மூச்சுக்குழாயில் செருகிய டியூப் அந்தக் காவலைக் கடந்து நேர்வழி அமைத்துத் தருகிறது. டியூப்பின் உட்சுவரில் கிருமிகள் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்வதால் மருந்தும் எளிதில் எட்டுவதில்லை. பெரியம்மாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய் வேறு. அது வெள்ளை அணுக்களின் திறனைக் குறைத்துவிடும். முன்பே கொடுத்த ஆன்டிபயாடிக்குகள் சாதாரணக் கிருமிகளை அழித்துவிட, எதிர்ப்புள்ளவை போட்டியின்றிப் பெருகுகின்றன.

மெரோபெனெம் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. அத்தகைய நொதி ஒன்றுக்குப் புது டெல்லியின் பெயர் சூட்டப்பட்டிருந்ததும், சென்னை மாதிரிகளிலும் அது காணப்பட்டதாக 2010-இல் ஆய்வு வெளியானதும் பெரும் சர்ச்சையாயின. பெயருக்காகக் காட்டிய கோபத்தில் பாதியைக் கிருமியின்மேல் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெரியம்மாவுக்குக் கடைசியில் கொலிஸ்டின் கொடுத்தார்கள். 1950-களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைப் பாதிப்பதால் ஓரங்கட்டப்பட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப அழைக்கப்பட்ட மருந்து அது. உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்கு அதைக் கொடுக்க இந்தியா 2019-இல் தடை விதித்தது. காய்ச்சல் தணிந்தது, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறியது.

அசினெடோபாக்டர் உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கட்டிலின் கால்மாட்டில் கைக்குத் தேய்க்கும் மருந்துப் புட்டி தொங்கிக்கொண்டிருக்க, வந்தவர்கள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி குனிந்து, அதே கையால் பெரியம்மாவின் நெற்றியைத் தடவினார்கள். அதனால்தான் சிஸ்டர் ஒவ்வொருவரையும் கடிந்துகொண்டார். டாக்டரோ, தினமும் காலையில் வந்ததும், டியூப்பை இன்று எடுத்துவிடலாமா என்றுதான் முதலில் பார்த்தார்.