தலைகீழ் ஆய்தம்

மகளுக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம். கண்ணில் படும் பொருள்களில் ஆங்கில எழுத்துகளைத் தேடிப் படம் எடுத்து வர வேண்டுமாம். மடக்கு ஏணி ஏ, கதவுக் கைப்பிடி டி, சுவர்க் கொக்கி ஜே. ஒரே சாயங்காலத்தில் 26-ல் பாதியை முடித்துவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திறந்திருந்த லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி, "இது என்ன சொல்லு? ட!" என்றேன்.

"அம்மா, அது எல்."

சுருக்கென்றது. அவள் சொன்னதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சொன்ன பிறகு என் கண்ணுக்கும் அது எல் ஆகவே தெரிந்ததுதான் வயிற்றெரிச்சல். கண்ணைக் கசக்கிப் பார்த்தும் ட திரும்பி வரவில்லை.

விடுவேனா? 247-க்கும் ஆசைப்படவில்லை, உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, இந்த 31 போதும் என்று கிளம்பினேன். ஓலை கிழியக் கூடாதென்று வளைத்து வளைத்து எழுதியதால்தான் நம் எழுத்துகள் உருண்டுபோயின என்பார்கள். இந்த ஊரோ அளவுகோல் வைத்துக் கோடு போட்டது. தெரு நேர், வேலி நேர், வீடு பெட்டி. ப மட்டும் வேண்டிய அளவுக்குக் கிடைத்தது. ழ-வுக்கு எங்கே போவது? சுருட்டி வைத்த தோட்டக் குழாயில் மூன்று சுழி ண கிடைத்துவிட்டதென்று குதித்தேன். மகள் எண்ணிப் பார்த்தாள். இரண்டு சுழிதான். சரி, ன.

வாக்யூம் கிளீனரின் குழாய் வளைந்து நின்றது பழைய லை மாதிரியே இருந்தது. 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ணை, லை, ளை, னை நான்குக்கும் துதிக்கையை நறுக்கிவிட்டது. என் அம்மா அதற்கெல்லாம் கட்டுப்படவில்லை. கடைசிக் கடிதம் வரைக்கும் அவர் எழுதிய 'கவலைப்படாதே' துதிக்கையோடுதான் வந்தது. இங்கே வந்து ஆறு வருஷமாகிறது, எல்லாம் பழகிவிட்டது என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் குழாயைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருக்கிறேன். வீடு பெருக்கியபாடில்லை.

அப்புறம்தான் ஆய்தம் ஞாபகம் வந்தது. ஊரில் அதைத் தேடவே வேண்டாம். சுவருக்குச் சுவர் இருக்கும். பிளக் பாயிண்டில் மேலே பெரிய துளை ஒன்று, கீழே இரண்டு. அச்சு அசல் ஃ. இங்கே வட அமெரிக்காவில் மேலே இரண்டு கீறல், கீழே ஒரு துளை. வந்த புதிதில் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு இதன் முன்னால் திருதிருவென்று விழித்தவள் நான். ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன், தலைகீழாக ஆய்தம் தொங்குகிறதென்று தோன்றவே இல்லை.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது ஒரு மூஞ்சிம்மா. வாயைத் திறந்து 'ஓ'ங்குது."

"தலைகீழா பாரு."

சுவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தாள். "ஐ, அக்கன்னா!"

நானும் குனிந்தேன். இருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. சட்டென்று நிமிர முடியாததால் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.