கல்கத்தாவும் கறுப்பு உப்பு போட்ட டீயும்

கல்கத்தாவிலிருந்து நேற்றுதான் வந்து இறங்கினேன். ரயில், ரூம், செலவுக் கணக்கு என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு டீயைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதையும் எழுத ஓடவில்லை. லெபு சா, அதாவது வங்காளிகளின் எலுமிச்சை டீ. பால் கிடையாது. டிகாக்‌ஷன், எலுமிச்சை, சர்க்கரை, அதோடு கறுப்பு உப்பு. டீயில் உப்பா என்று முகம் சுளிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். சென்னையிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து, இடுப்பு விட்டுப்போய் ஹவுராவில் இறங்கினால், வாசலிலேயே ஒரு டாக்சிக்காரர் பிடித்துக்கொண்டார். எஸ்பிளனேடுக்கு 600 ரூபாய்! மீட்டர் போடச் சொன்னால் காதிலேயே வாங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும் 400 என்று பின்னாலேயே வந்தார். ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. 2024 மார்ச்சில் திறந்த பாதை, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது. அதே எஸ்பிளனேடுக்கு டிக்கெட் பத்து ரூபாய். ஆற்றைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியூர் முகத்தைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததைக் கேட்பது அநியாயம். ஹவுராவில் இறங்குகிறவர்கள் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் மெட்ரோவுக்கு நடந்துவிடுங்கள்.

அப்புறம், ஊரில் பேர்போன ஒரு கடையில் டார்ஜிலிங் டீ குடித்தேன். மணம் பிரமாதம், மறுக்கவே மாட்டேன். ஆனால் ஒரு கோப்பைக்கு முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் பில். என் பட்ஜெட்டில் அது ஒரு நாள் சாப்பாட்டுக் காசு.

அந்தக் கடுப்போடு சாயங்காலம் விக்டோரியா மெமோரியல் பக்கம், மைதானத்தில் போய் உட்கார்ந்தேன். புழுக்கம் சென்னைக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஒருவர் அலுமினியக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கெட்டிலுக்கு அடியிலேயே சின்னதாக ஒரு கரி அடுப்பு. நடக்க நடக்க டீ சூடாகவே இருக்கிறது. காகிதக் கப்பில் ஊற்றினார். அடர்ந்த செம்பழுப்பு. சர்க்கரை, ஒரு டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை பொடி, அதன்மேல் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தார். கண் முன்னாலேயே டீ வெளுத்துத் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. தேயிலையில் உள்ள நிறமிகள் புளிப்பு பட்டால் வெளுக்கும், அதுதான் காரணம்.

“தாதா, அது என்ன பொடி?” என்று கேட்டேன். (வங்காளியில் தாதா என்றால் அண்ணன்.) “பிட் நூன்” என்று டப்பாவை நீட்டினார். நம்ம கறுப்பு உப்புதான் அது. பெயர்தான் கறுப்பு. பொடித்தால் வெளிறிய ரோஜா நிறம். மோந்து பார்த்தால் அவித்த முட்டை வாசனை. உப்பில் இருக்கும் கந்தகத்தின் வேலை அது. பத்து ரூபாய்தானே, பிடிக்காவிட்டால் போகட்டும் என்று நினைத்துத்தான் உறிஞ்சினேன்.

அடடா! முதலில் புளிப்பு நாக்கைச் சுண்டியது, பின்னாலேயே இனிப்பு. கடைசியில்தான் அந்த உப்பு மெதுவாக எழுந்து வந்தது. முட்டை வாசனை போன இடம் தெரியவில்லை. டீக்கு ஒரு கனம் மட்டும் கூடியிருந்தது. கட்டன் டீயில் தொண்டையைப் பிடிக்கும் கசப்பு துளியும் இல்லை. உப்புக்குக் கசப்பை அமுக்கும் குணம் உண்டு, ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆபீஸ் மெஷினில் லெமன் டீ என்ற பெயரில் வடிகிறதே, அதையெல்லாம் இதன் பக்கத்தில் வைத்துப் பேசுவதே பாவம். கப் காலியானதும் அவரைத் தேடிப் போய் இன்னொன்று வாங்கினேன். வேர்த்துக் கொட்டுகிற ஊரில் இதைவிடப் பொருத்தமான சூடான பானம் இருக்க முடியாது.

1861லேயே தேயிலை ஏலம் தொடங்கிய ஊர் இது. அசாம், டார்ஜிலிங் தேயிலையெல்லாம் இங்கே ஏலம் போகிறது. அப்படிப்பட்ட ஊரில், அந்த முந்நூறு ரூபாய்க் கோப்பையைவிட இந்தக் காகிதக் கப்தான் எனக்கு உசத்தி.

போகிறவர்கள் “சினி கொம்” என்று சொல்லிவிடுங்கள், சர்க்கரையைக் குறைத்துப் போடுவார்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் தித்திப்பு ஜாஸ்தி. வீட்டில் போடுகிறவர்கள் தூளை அதிகம் கொதிக்க விடாதீர்கள், துவர்த்துவிடும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். உப்பு ஒரு கப்புக்கு ஒரு சிட்டிகை, அதற்குமேல் வேண்டாம். மளிகைக் கடையில் காலா நமக் என்று கேட்டால் கொடுப்பார்கள். ரூம் வாடகையும் ரயில் விவரமும் அடுத்த பதிவில்.