குடிலுக்கு முளைத்த கேழ்வரகு

டிசம்பர் பாதியில் அம்மா பழைய தட்டுகளில் மண் பரப்பி கேழ்வரகு தூவிவிடுவார். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் விரலளவு பச்சையாக எழும்பிவிடும். இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் கோவில் குடிலுக்கு அதுதான் புல்வெளி. மலைக்கு, சிமென்ட் பைத்தாளைக் கசக்கிக் கரியும் காவியும் பூசுவோம். ஒரு வருடம் மரியாளின் கணவர் சூசையப்பர் சிலையின் கோல் உடைந்து, விளக்குமாற்றுக் குச்சியைச் சொருகினோம். யாரும் கவனிக்கவில்லை.

1223இல் இத்தாலியின் கிரெச்சியோவில் அசிசி பிரான்சிஸ் நிஜ மாடு, கழுதையோடு குடில் அமைத்தார் என்று ஞாயிறு மறைக்கல்வியில் கேட்டதிலிருந்து எங்களுக்கும் நிஜ ஆட்டுக்குட்டி ஆசை. கோவில் பாதிரியாரான பங்குச்சாமி ஒத்துக்கொள்ளவே இல்லை.

தாத்தா காலத்தில் நடுச்சாமப் பூசை லத்தீனில்தான். 1960களில் உலக ஆயர்களின் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடிய பிறகே தமிழ் வந்தது. "ஒண்ணும் புரியாது, ஆனா தூக்கம் வராதுடா" என்பார். எனக்கோ தமிழிலேயே தூக்கம் வரும். 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கி மணிகள் மொத்தமாக அடிக்கும்போது, பாலன் இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் வைப்பதைப் பார்க்கச் சொல்லி அம்மா தொடையில் கிள்ளுவார்.

இப்போது பிளாஸ்டிக் புல், சீரியல் பல்பு. பாலன் பாதத்தை முத்தமிடும் வரிசை கொரோனாவோடு நின்றுபோனது.

இந்த வருடம் நானே மொட்டைமாடியில் கேழ்வரகு தூவியிருக்கிறேன். பாதியைக் குருவி தின்றுவிட்டது.