கரும்புப் பகுதியில் நான் இழந்த மதிப்பெண்களும் மீட்ட வழியும்

வேளாண் தேர்வின் முடிவு கடந்த வாரம் வெளிவந்தது. இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். முதல் முயற்சியில் என் காலை வாரியது கரும்புப் பகுதி என்பதால், அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

அன்று, பிரிக்ஸ் என்றால் சாற்றிலுள்ள சர்க்கரையின் அளவு என்று உறுதியாக நம்பி எழுதினேன். அந்த ஒரு பிழை, தூய்மை விகிதம், அறுவடை முதிர்ச்சி என அதைச் சார்ந்த விடைகள் அனைத்தையும் கெடுத்துவிட்டது. சாற்றில் கரைந்துள்ள திடப்பொருள்கள் அனைத்தின் விழுக்காடே பிரிக்ஸ். குளுக்கோஸும் தாது உப்புகளும்கூட அதில் அடங்கும். சுக்ரோஸை மட்டும் குறிக்கும் அளவுக்குப் பெயர் ‘போல்’ (Pol). போலைப் பிரிக்ஸால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் தூய்மை விகிதம் கிடைக்கும்; பிரிக்ஸ் 20, போல் 17 எனில் விடை 85. வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

எனக்கு மனப்பாடம் நிலைக்காது. கையில் தொட்டுப் பார்த்தது மறக்காது. ஆகவே, இம்முறை முற்றாத கரும்பு ஒன்றை வெட்டி, அடிக்கணுவிடையின் சாற்றிலும் நுனிக்கணுவிடையின் சாற்றிலும் ஒவ்வொரு துளியைக் கைப் பிரிக்ஸ் மானியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிரிக்ஸ் அளவைக் காட்டும் நிழற்கோடு அடிச்சாற்றுக்கு உயர நின்றது; நுனிச்சாற்றுக்கு வெகுவாக இறங்கியிருந்தது. கரும்பு அடியிலிருந்துதான் முற்றுகிறது என்பதும், நுனிக்கும் அடிக்குமான பிரிக்ஸ் விகிதம் 1-ஐ நெருங்கும்போது ஏன் அறுவடை செய்கிறோம் என்பதும் அந்த நொடியில் விளங்கின.

மற்றவை சுருக்கமாக:

- கரணை: விதைக்கரும்புத் துண்டு. 6 முதல் 8 மாதப் பயிரிலிருந்து எடுப்பது நல்லது. முற்றிய கரும்பின் பருக்களில் முளைப்புத்திறன் குறையும்.
- மறுதாம்பு: வெட்டிய கட்டையிலிருந்து தழைக்கும் பயிர். நடவுப் பயிரைவிடத் தழைச்சத்து கூடுதலாகத் தேவை.
- பருவங்கள், ஓராண்டுப் பயிருக்கு: முளைப்பு 35 நாள் வரை, தூர் கட்டுதல் 100 வரை, வளர்ச்சி 270 வரை, அதன்பின் முதிர்ச்சி.

பூச்சிகளில் நடுக்குருத்துக் காய்தலைக் கவனமாகப் படியுங்கள். இளங்குருத்துப்புழு தாக்கிய குருத்தை இழுத்தால் எளிதில் கையோடு வரும், அழுகிய நாற்றமும் வீசும். நுனிக்குருத்துப்புழு தாக்கியதோ அவ்வாறு எளிதில் வராது, பக்கப் பருக்கள் முளைத்து நுனி கொத்தாகத் தோன்றும். இவ்விரண்டையும் வேறுபடுத்தும் வினா இம்முறை என் தாளில் வந்தது.