கெட்டிமேளத்துக்கு முன்னாடியே கேமராவ ரெடி பண்றது - இதுவரைக்கும் செட் ஆனது

சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் வீட்டு கல்யாணத்துல மட்டும் ஆசைக்கு படம் எடுக்குறேன். மெயின் போட்டோகிராஃபர் எப்படியும் இருப்பாரு, தாலி கட்டுறத அவரு பாத்துப்பாரு, எனக்கு அந்த நேரத்துல சுத்தி இருக்குறவங்க முகம்தான் வேணும். அது எப்ப வரும்னு சொல்ல முடியாது, வந்தப்புறம் டயல திருகிட்டு இருந்தா போச்சு.

மண்டபத்து எல்இடி லைட்டுதான் பெரிய தலைவலி. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், நிறைய லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், ஷட்டர் வேகம் ஏத்துனா படத்துல பட்டை பட்டையா விழும், எலக்ட்ரானிக் ஷட்டர்னா இன்னும் மோசம். அதனால இப்ப மெக்கானிக்கல் ஷட்டர் மட்டும்தான். டயல்ல சி1, சி2ன்னு நம்ம செட்டிங்ஸ சேமிச்சு வைக்கிற இடம் இருக்கு. சி1ல ஷட்டர் 1/100 செகண்ட், உக்காந்து இருக்குறவங்களுக்கு. சி2ல 1/500, ஆன்டி ஃப்ளிக்கர் (லைட்டு மினுக்குறதுக்கு ஏத்த நேரம் பாத்து படம் எடுக்குறது) ஆன், அட்சதை பறக்குறதுக்கும் ஓடுற பசங்களுக்கும். ரெண்டுலயும் ஆட்டோ ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி சென்சிடிவிட்டிய கேமராவே மாத்திக்கும், 6400 வரைக்கும். ஒரே ஒரு திருகல்ல மாறிடலாம். மெமரி கார்டுல பாதி இடம் இருந்தாலும் முகூர்த்தத்துக்கு முன்னாடியே வேற கார்டு மாத்திடுறேன்.

ஆனா செட்டிங்ஸ விட எனக்கு ரொம்ப உதவுனது வீட்டு ஆளுங்க கிட்ட முன்னாடியே பேசி வைக்கிறது. போன கல்யாணத்துல பொண்ணோட சித்தி கிட்ட "பாட்டி எங்க உக்காருவாங்க சித்தி"ன்னு கேட்டேன். "மேடை ஏற மாட்டாங்கப்பா, முட்டி வலி, முன் வரிசை ஓரத்துல இருப்பாங்க"ன்னாங்க. அந்த ஒரு பதில வச்சே மேடைக்கு பக்கவாட்டுல, லேசா திரும்புனா பாட்டி தெரியுற மாதிரி நின்னுக்கிட்டேன், ஹோமப் புகை அந்தப் பக்கம் வரல, ஃபோகஸும் தடுமாறல.

ஐயர் "கெட்டிமேளம் கெட்டிமேளம்"னு விரல ஆட்டுனதும் தவில் எகிறுச்சு, சி2க்கு மாத்திட்டு திரும்பிட்டேன். எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க, வீடியோ லைட் ஸ்டாண்டு வேற குறுக்க, பாட்டிக்கு மேடையே தெரியல. அவங்க மேளத்த மட்டும் கேட்டுக்கிட்டே, கையில இறுக்கி வச்சிருந்த அட்சதைய முன்னாடி நிக்கிறவங்க தலைக்கு மேல வீசுனாங்க, கண்ண மூடிக்கிட்டு, உதடு ஏதோ முணுமுணுத்துட்டு இருந்துச்சு. மஞ்சள் அரிசி காத்துல தனித்தனியா நிக்கிற மாதிரி விழுந்திருக்கு, உள்ளங்கையில ரெண்டு மணி ஒட்டிக்கிட்டு இருக்குறது கூட தெரியுது. அந்த வீட்டுல அந்தப் படத்த பெருசா ஃப்ரேம் போடப் போறாங்களாம், எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

இன்னும் சரியா வராதது ரிசப்ஷன். கலர் மாறிட்டே இருக்குற லைட்டுல முகம் ஊதாவா போயிடுது, ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சத கேமரா மெருகேத்தாம சேமிக்கிற ஃபைல்) கூட முழுசா மீட்க முடியல. அடுத்த கல்யாணத்துக்கு முந்துன நாளே மண்டபத்துக்கு போய், லைட்டுக்காரர் கிட்ட பேசி, மேடையில ஒரு வெள்ளை லைட்டாவது மாறாம வைக்க முடியுமான்னு கேக்கப் போறேன். யாராவது இத செஞ்சு பாத்திருந்தா எந்தப் பக்கம் வைக்கச் சொன்னீங்கன்னு சொல்லுங்க.